லேம்ப் போஸ்ட்டில் தொங்கிய இணையம்

இன்னைக்குக் கதை ஒரு நாய்க்கடியில் ஆரம்பிக்குது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாக் கரையில், கார்பஸ் கிறிஸ்டி என்று ஒரு ஊர். துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், கிட்டத்தட்ட மூன்று லட்சம் மக்கள். அந்த ஊரில் வீடுகளுக்குத் தண்ணீர் மட்டுமில்லாமல் குழாய் கேஸும் கொடுப்பது மாநகராட்சிதான். அப்போ மாதா மாதம் ஒரு ஆள் வீடு வீடாகப் போகணும், காம்பவுண்டுக்குள்ளே நுழையணும், மீட்டரைப் பார்த்து எழுதிக்கிட்டு வரணும். நம்ம ஊரில் இ.பி. ரீடிங் எடுக்க வர்றவர் கேட்டுக்கு வெளியே நின்னு "நாயைக் கட்டுங்க"ன்னு சத்தம் போடுவார் பாருங்க, அதே வேலை. 2000-களின் தொடக்கத்தில் அப்படிப் போன ஒரு மீட்டர் ரீடரை ஒரு வீட்டு நாய் குதறிவிட்டது.

அதற்குப் பிறகு மாநகராட்சி எடுத்த முடிவு: மனுஷன் உள்ளே போக வேண்டாம், மீட்டரே ரேடியோவில் கணக்கைச் சொல்லட்டும். அது சொல்றதைக் கேட்க கம்பங்களில் வைஃபை பெட்டிகளை மாட்டினார்கள். நகரமே சுமார் 70 லட்சம் டாலர் போட்டது. 147 சதுர மைல், அதாவது ஏறத்தாழ 380 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு வயர்லெஸ் நெட்வொர்க். மீட்டருக்காகப் போட்டது, ஆனால் போட்ட பிறகு கட்டட ஆய்வாளர், போலீஸ், தீயணைப்பு என்று நகரத்தின் மற்ற துறைகளுக்கும் பயன்படும் என்று கணக்கு போட்டார்கள்.

இதுவரைக்கும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒரு மாநகராட்சி தன் வேலைக்காக ஜீப் வாங்கற மாதிரி, வாக்கி டாக்கி வாங்கற மாதிரி ஒரு நெட்வொர்க் வாங்கியிருக்கு. சண்டை எப்போ வந்ததுன்னா, அடுத்த கேள்வியை ஒருத்தர் கேட்டபோது. ஊர் முழுக்க கம்பத்துக்குக் கம்பம் இணையம் இருக்கு. அதில் மீட்டர் மட்டும்தான் பேசணுமா? மக்களும் பேசினால் என்ன?

அந்தக் கேள்வியை ரொம்பச் சத்தமாகக் கேட்ட ஊர் ஃபிலடெல்ஃபியா.

2004-ஐ ஒரு நிமிஷம் மனசில் கொண்டு வாங்க. ஐஃபோன் வர இன்னும் மூணு வருஷம் இருக்கு. லேப்டாப்பில் வைஃபை இருப்பதே அப்போதான் சகஜமாகுது. மொபைல் இணையம் மெதுவா, விலையும் அதிகம். வீட்டில் பிராட்பேண்ட் வேணும்னா கேபிள் கம்பெனி அல்லது டெலிபோன் கம்பெனி, ரெண்டில் ஒண்ணு. ஃபிலடெல்ஃபியாவில் சுமார் 15 லட்சம் பேர், நாலில் ஒருத்தர் போல வறுமைக் கோட்டுக்குக் கீழே. வட ஃபிலடெல்ஃபியாவின் செங்கல் வீட்டு வரிசைகளில் பல குடும்பங்களில் இணையமே கிடையாது. அந்த வீட்டுப் பையன் ஹோம்வொர்க்குக்கு நூலகம் தேடிப் போகணும்.

அப்போ மேயர் ஜான் ஸ்ட்ரீட். அவருடைய தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரி டயானா நெஃப். இவங்க ரெண்டு பேரும் முன்வைத்த திட்டம்: 135 சதுர மைல் நகரம் முழுக்க, தெருவிளக்குக் கம்பங்களில் வைஃபை. செலவு, ஆரம்ப மதிப்பீட்டில், வெறும் ஒரு கோடி டாலர்.

வெறும்னு ஏன் சொல்றேன்? ஊர் முழுக்கத் தெருவைத் தோண்டிக் கேபிள் போட்டால் செலவு அதைப் போலப் பல மடங்கு ஆகும். செல்ஃபோன் கம்பெனி மாதிரி செய்யணும்னா அலைக்கற்றையை ஏலத்தில் எடுக்கணும். வைஃபைக்கு ரெண்டும் வேண்டாம். அது ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசென்ஸே கிடையாது. மைக்ரோவேவ் அடுப்பு, கார்ட்லெஸ் ஃபோன் எல்லாம் குடியிருக்கிற பொறம்போக்கு அது. கம்பம் ஏற்கனவே நகரத்துடையது. கம்பத்தில் கரண்ட் இருக்கு. பெட்டியை மாட்டினால், அது பக்கத்துக் கம்பத்துப் பெட்டியோடு பேசும், அது அடுத்ததோடு பேசும். மெஷ் நெட்வொர்க். பேப்பரில் பார்க்க அவ்வளவு அழகு. நான் காலேஜில் படிக்கும்போது இதைப் பார்த்திருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

கை தட்டாதவங்க இருந்தாங்க. அந்த ஊர் டெலிபோன் கம்பெனியான வெரிசான். ஃபிலடெல்ஃபியாவிலேயே தலைமையகம் வைத்திருந்த கேபிள் கம்பெனி காம்காஸ்ட்டுக்கும் இது இனிப்பான செய்தி இல்லை.

அவங்க தரப்பு வாதத்தைச் சுருக்கமாச் சொல்றேன், ஏன்னா இந்த எபிசோடுக்குப் படிக்க உட்கார்ந்தபோது அதை வில்லன் டயலாக்னு நினைச்சுத்தான் ஆரம்பிச்சேன். ஒண்ணு: கம்பெனிக்கு வரி போடுவதும், ரோடு தோண்ட அனுமதி கொடுப்பதும், கம்பத்துக்கு வாடகை வாங்குவதும் நகரம். அதே நகரம் எதிர்க்கடையும் போட்டால் எப்படி? ரெண்டு: இந்தத் தொழில்நுட்பம் அஞ்சு வருஷத்தில் பழசாகிடும், அப்போ புதுசு வாங்கறது யார் காசு? மூணு: மாநகராட்சிக்கு நெட்வொர்க் நடத்தத் தெரியாது.

ஆதரவாளர்கள் பதிலுக்கு மின்சாரத்தை எடுத்தாங்க. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் மின் கம்பெனிகள் லாபம் இல்லைன்னு போகாத சின்ன ஊர்களில் நகராட்சிகளே மின் நிலையம் கட்டின. அப்பவும் கம்பெனிகள் இதையேதான் சொன்னாங்க. அந்த நகராட்சி மின் நிலையங்களில் பல இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. இணையமும் ரோடு மாதிரி, தண்ணி மாதிரி. லாபம் பார்க்கிறவன் போகாத தெருவுக்கு வேற யார் போவாங்க?

இந்த வாதம் நகர மன்றத்தில் முடியலை. மாநில சட்டமன்றத்துக்குப் போச்சு. பென்சில்வேனியாவில் ஹவுஸ் பில் 30 என்று ஒரு பெரிய தொலைத்தொடர்பு மசோதா. அதற்குள்ளே ஒரு பிரிவு: எந்த நகராட்சியாவது காசு வாங்கிக்கொண்டு மக்களுக்கு பிராட்பேண்ட் கொடுக்க நினைத்தால், முதலில் உள்ளூர் டெலிபோன் கம்பெனியிடம் "நீ கொடுக்கிறாயா?" என்று கேட்க வேண்டும். கம்பெனி 14 மாதத்துக்குள் அதே வேகத்தில் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டால், நகராட்சி ஒதுங்கிக்க வேண்டும். அதாவது இட்லிக் கடை போடறதுக்கு முன்னாடி எதிர்க்கடைக்காரரிடம் போய் அனுமதி கேட்கணும்.

2004 நவம்பர் 30. ஆளுநர் எட் ரெண்டெல் கையெழுத்து போட்டார். இவரே முன்னாள் ஃபிலடெல்ஃபியா மேயர். கையெழுத்துக்கு முன்னால் ஒரு சமரசம் நடந்தது: ஃபிலடெல்ஃபியா திட்டத்தைத் தடுக்க மாட்டோம் என்று வெரிசான் ஒப்புக்கொண்டது. ஆக, சத்தம் போடத் தெரிந்த பெரிய ஊர் தப்பித்தது. அதே மாநிலத்தின் சின்ன ஊர்கள் மாட்டிக்கொண்டன. எனக்கு இந்தக் கதையில் இன்னும் கோபம் வர்ற இடம் இதுதான். மாநகராட்சிக்கு நெட்வொர்க் நடத்தத் தெரியாதுங்கிறது உண்மையாவே இருந்தாலும், தோத்துப் பார்க்கிற உரிமையாவது அந்த ஊருக்கு இருக்கணும் இல்லையா?

இதே மாதிரி சட்டங்கள் வேறு பல மாநிலங்களிலும் வந்தன. டெக்சாஸிலும் 2005-இல் முயற்சி நடந்தது; அங்கே தோற்றது. அதனால் நம்ம நாய்க்கடி ஊர் தப்பிச்சது.

சரி, சட்டத்திலிருந்து தப்பிய ஃபிலடெல்ஃபியா என்ன செய்தது? இங்கேதான் திருப்பம். வரிப்பணத்தைச் சூதாட்டத்தில் வைக்கிறார் மேயர் என்று ஒரு வருஷமாகத் திட்டு வாங்கியதாலோ என்னவோ, நகரம் தன் காசையே போட வேண்டாம் என்று முடிவுக்கு வந்தது. 2005 அக்டோபரில் எர்த்லிங்க் என்ற தனியார் கம்பெனி தேர்வானது. கட்டுவது, சொந்தம் கொண்டாடுவது, நடத்துவது எல்லாம் அவங்க செலவில். நகரம் கம்பத்தைக் கொடுக்கும். மாதம் சுமார் 20 டாலர், ஏழைக் குடும்பங்களுக்கு 10 டாலருக்குள்ளே. ஏழைகளைச் சேர்ப்பது, கம்ப்யூட்டர் கொடுப்பது, கற்றுக்கொடுப்பது இதையெல்லாம் வயர்லெஸ் ஃபிலடெல்ஃபியா என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு பார்க்கும். நகரத்துக்கு ஒரு பைசா செலவில்லை! எல்லாருக்கும் சந்தோஷம்.

ஒரு கம்பெனி ஏன் இப்படி வந்து மாட்டிக்குது? இதைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். எர்த்லிங்க் டயல்-அப் காலத்து ராஜா. மோடத்தில் கீச் கீச்னு சத்தம் வருமே, அந்த இணையம். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருத்தராகப் பிராட்பேண்டுக்குப் போய்க்கிட்டு இருந்தாங்க. எர்த்லிங்க்கிடம் சொந்தமா ஒரு கம்பி கூடக் கிடையாது. டெலிபோன் கம்பெனிகளின் கம்பியை வாடகைக்கு எடுத்துத்தான் பிழைப்பு. 2005 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஒரு தீர்ப்பு சொன்னது: டெலிபோன் கம்பெனிகள் தங்கள் டி.எஸ்.எல். கம்பியைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். இப்போ சொந்த வீடு வேணும், மலிவா வேணும், உடனே வேணும். அந்த நேரத்தில் ஊர் ஊரா மேயர்கள் "எங்க கம்பம் சும்மா இருக்கு, வாங்க"ன்னு கூப்பிடறாங்க. எர்த்லிங்க் ஃபிலடெல்ஃபியாவோடு நிற்கவில்லை. நியூ ஆர்லியன்ஸ், ஹூஸ்டன், அனஹைம், கூகுளோடு கூட்டு சேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோ. நம்ம கார்பஸ் கிறிஸ்டி மாநகராட்சி கூட 2007-இல் தன் நெட்வொர்க்கை எர்த்லிங்க்குக்கே விற்றது. தன் மீட்டர் ரீடிங்குக்கு நகரம் இனி வாடிக்கையாளர்.

அப்புறம் இயற்பியல் வந்து கதவைத் தட்டியது.

கம்பத்தில் இருக்கிற பெட்டிக்கு அனுமதி உண்டு, ஆன்டெனாவோடு சேர்த்து நல்ல சத்தமாகக் கத்தலாம். உங்க லேப்டாப்புக்கு அது கேட்கும். அஞ்சு கட்டை சிக்னல் காட்டும். ஆனால் லேப்டாப் பதில் சொல்லணும் இல்லையா? அதன் ரேடியோ கிசுகிசுக்கிற அளவுதான். அந்தக் கிசுகிசுப்பு செங்கல் சுவரைத் தாண்டி, மரத்தைத் தாண்டிக் கம்பத்துக்குப் போய்ச் சேரணும். இலையில் இருக்கிற தண்ணி 2.4 கிகாஹெர்ட்ஸை நல்லாக் குடிக்கும். தெருவில் நின்னால் இணையம் இருக்கு, சோபாவில் உட்கார்ந்தால் இல்லை. அதனால் வீட்டு ஜன்னலோரம் வைக்க ஒரு தனி மோடம் தேவைப்பட்டது. ஒரு சதுர மைலுக்கு இத்தனை பெட்டி போதும்னு போட்ட கணக்கும் தப்பாச்சு. போகப் போகக் கூடுதல் பெட்டிகள் மாட்ட வேண்டி வந்தது. மெஷ்ஷில் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் வேற குறையும். ஒரு கோடி டாலர்னு ஆரம்பிச்ச கணக்கில், எர்த்லிங்க் கடைசியில் அங்கே கொட்டியது சுமார் 1.7 கோடி. அதற்குள் கேபிள் கம்பெனிகளும் டெலிபோன் கம்பெனிகளும் தங்கள் ஆரம்ப நிலை பிளான்களின் விலையை இறக்கிவிட்டன. 20 டாலர் என்பது இப்போ பெரிய சலுகையாத் தெரியலை.

2007 ஜனவரியில், இந்தத் திட்டத்தை நம்பி இழுத்துக்கொண்டு வந்த எர்த்லிங்க் தலைவர் கேரி பெட்டி காலமானார். ஜூனில் ரோலா ஹஃப் வந்தார். ஆகஸ்டில் 900 பேருக்கு வேலை போச்சு. கெடு தவறியதற்கு ஹூஸ்டனுக்கு 50 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மேயர் கேவின் நியூசமும் நகர மன்றமும் ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் பற்றி மாதக்கணக்கில் மோதிக்கொண்டு இருந்தபோதே எர்த்லிங்க் விலகிவிட்டது. இதில் வேடிக்கை, அந்த நவம்பரில் "இலவச வைஃபை வேண்டுமா?" என்று ஒரு வாக்கெடுப்பு அங்கே ஏற்கனவே நிர்ணயமாகியிருந்தது. மக்கள் போய் "வேண்டும்" என்று ஓட்டு போட்டு ஜெயிக்க வைத்தார்கள். போட்டுத் தர ஆள் போய் ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகுது.

2008 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவையும் மூடுவதாக அறிவிப்பு. நகரத்தில் பெரும்பகுதிக்குப் பெட்டி மாட்டியாச்சு. சந்தாதாரர்கள் எத்தனை தெரியுமா? ஆறாயிரம் பேர் போல. 15 லட்சம் பேர் இருக்கிற ஊரில்.

இப்போ அதே காலத்தில் வேற ஒரு ஊர். மினியாபொலிஸ். வடக்கே, மிசிசிப்பி ஆற்றங்கரை. பரப்பு ஃபிலடெல்ஃபியாவில் பாதிக்கும் குறைவு. 2006-இல் இங்கேயும் இதே விவாதம் நடந்தது. இறுதிச் சுற்றில் எர்த்லிங்க்கும் இருந்தது. ஆனால் ஜெயித்தது யூ.எஸ். இன்டர்நெட் என்ற பக்கத்து ஊர் சின்னக் கம்பெனி. நெட்வொர்க் தனியாருடையது, அந்த அளவுக்கு ஃபிலடெல்ஃபியா மாதிரிதான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி வேற: நகரம் தன் சொந்த வேலைகளுக்காக 10 வருஷத்துக்கு, வருஷத்துக்குக் குறைந்தது 12.5 லட்சம் டாலர் மதிப்புள்ள சேவையை வாங்கும். மால் கட்டும்போது முதல் மாடி முழுக்க ஒரு பெரிய கடை வாடகைக்கு எடுக்குமே, அதை நம்பித்தானே மற்ற கடைகள் வரும், அந்தக் கதை. ஃபிலடெல்ஃபியா பெருமையா "எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை"ன்னு சொல்லிச்சு. மினியாபொலிஸ் "நாங்க காசு கொடுக்கிறோம்"னு சொல்லிச்சு. அதுக்காக அங்கே திட்டு விழுந்தது. கட்டி முடிக்காத ஒண்ணுக்கு எதற்கு முன்கூட்டியே பணம்? நகர ஊழியர்களுக்கு இவ்வளவு வைஃபை எதற்கு?

2007 ஆகஸ்ட் 1, புதன்கிழமை மாலை 6:05. ஆபீஸ் விட்டு எல்லாரும் வீட்டுக்குப் போற நேரம். மிசிசிப்பி மேலே எட்டு வழி நெடுஞ்சாலைப் பாலம், ஐ-35டபிள்யூ, வண்டிகளோடு சேர்ந்து ஆற்றுக்குள் விழுந்தது. 1967-இல் திறந்த பாலம். இரும்புக் கைகளைச் சேர்த்துப் பிடிக்கும் தகடுகள் வடிவமைப்பிலேயே தேவையான கனத்தில் பாதிதான் என்று பின்னாடி விசாரணை சொன்னது. 13 பேர் இறந்தார்கள். 145 பேருக்குக் காயம்.

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஃபோனை எடுத்தது. "நீ எங்கே இருக்கே? பாலத்தில் இல்லையே?" செல் நெட்வொர்க் திணறிப்போச்சு. யூ.எஸ். இன்டர்நெட்டின் நெட்வொர்க் அப்போ முழுசா முடியலை, ஆனால் பாலம் இருந்த நடு ஊர்ப் பகுதி முடிஞ்சிருந்தது. அன்னைக்கு மாலையே அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சந்தா, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். அடுத்து, பாலத்துக்குப் பக்கத்தில் கூடுதல் ரேடியோக்களை மாட்டினார்கள். மீட்பு வேலையைப் பார்க்கக் கேமராக்கள் வைத்து, அந்தப் படம் இந்த வைஃபை வழியாகப் போனது. வரைபடம் மாதிரி கனமான ஃபைல்களைச் சம்பவ இடத்துக்கு அனுப்ப முடிந்தது.

ஒரு விபத்தை வெச்சு ஒப்பந்தத்தை நியாயப்படுத்தறது எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. பாலம் விழாமல் இருந்திருந்தால் அந்தத் திட்டத்தைப் பற்றிய பேச்சு வேற மாதிரி போயிருக்கும். அதே மினியாபொலிஸில் அடுத்த சில வருஷங்களில், வருஷா வருஷம் கொடுக்கிற காசுக்கு ஈடாக நகரம் அந்த நெட்வொர்க்கைப் பயன்படுத்தவே இல்லை என்று உள்ளூர்ச் செய்திகளில் புகார் வந்தது. அது நியாயமான புகார். காசு உறுதியா வந்ததால் கம்பெனி பிழைத்தது. பிற்பாடு அதே ஊரில் ஃபைபரும் இழுத்தது. ஃபிலடெல்ஃபியாவில் அந்த ஆறாயிரம் பேர் கட்டின பணத்தில் கரண்ட் பில்லும் ரிப்பேரும் பார்க்க முடியாது.

ஃபிலடெல்ஃபியாவின் மிச்சக் கதை சின்னது. 2008-இல் உள்ளூர் முதலீட்டாளர்கள் சிலர் நெட்வொர்க்கை எடுத்து நடத்திப் பார்த்தாங்க. ஸ்ட்ரீட்டின் காலம் முடிந்து மைக்கேல் நட்டர் மேயராகியிருந்தார். 2009 டிசம்பரில் நகரமே அதை வாங்குவதாக அறிவித்தது. விலை 20 லட்சம் டாலர். எதற்கு? போலீஸ் கேமரா, ஆய்வாளர்கள், களத்தில் இருக்கிற நகர ஊழியர்கள். வட ஃபிலடெல்ஃபியாப் பையனின் ஹோம்வொர்க்கில் ஆரம்பித்தது, கார்பஸ் கிறிஸ்டி ஆரம்பித்த இடத்தில் வந்து நின்றது. நகரம் தன் வேலைக்குத் தானே வைத்துக்கொள்ளும் நெட்வொர்க்குக்கு எதிரா எந்தக் கம்பெனியும் சட்டம் கேட்கலை. அந்தக் கார்பஸ் கிறிஸ்டியும் 2008-இல் தன் நெட்வொர்க்கை எர்த்லிங்க்கிடமிருந்து திரும்பப் பெற்றது. மீட்டர்கள் இருந்ததால் அதற்குத் தினமும் ஒரு வேலை இருந்தது.

அப்போ பதில் இதுதானா? மக்களை விட்டுருங்க, நகரம் தன் காசில் தனக்கு மட்டும் கட்டிக்கட்டும்? நானும் இங்கேயே எபிசோடை முடிக்கலாம்னு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருந்தேன். அப்புறம் நியூயார்க் ஞாபகம் வந்தது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். வடக்குக் கோபுரத்தின் உள்ளே இருந்த பலருக்கு "வெளியே வாங்க" என்ற உத்தரவு ரேடியோவில் போய்ச் சேரவில்லை. மேலே பறந்த போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் கோபுரத்தின் நிலைமையைப் பார்த்துச் சொன்னார்கள். போலீஸ் ரேடியோ தீயணைப்புத் துறைக்குக் கேட்காது. அந்த வலியோடு நகரம் தன் தகவல்தொடர்பை மறுபடி யோசித்தது. 2006 செப்டம்பரில் நார்த்ராப் கிரம்மன் நிறுவனத்தோடு 50 கோடி டாலர் ஒப்பந்தம். நியூயார்க் சிட்டி வயர்லெஸ் நெட்வொர்க், சுருக்கமா நிக்வின். லைசென்ஸ் உள்ள அலைவரிசை, சுமார் 400 கோபுர இடங்கள், பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. குரலுக்கு இல்லை, டேட்டாவுக்கு. போலீஸின் நம்பர் பிளேட் கேமரா, டிராஃபிக் சிக்னல் கட்டுப்பாடு, லட்சக்கணக்கான தண்ணீர் மீட்டர். ஆமாம், இங்கேயும் மீட்டர்தான்.

ஃபிலடெல்ஃபியாவில் இல்லாத எல்லாம் இங்கே இருந்தது. காசு இருந்தது, தினசரி வேலை இருந்தது, பொறமபோக்கில் குடியிருக்கும் தொல்லை இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. ஓடுகிற எதையும் யாரும் பேசுவதில்லை.

2019 ஏப்ரல் 6, சனிக்கிழமை. இரவு 8 மணிக்கு 18 விநாடி இருக்கும்போது ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் வார எண் 1023-லிருந்து பூஜ்யத்துக்குப் போனது. ஜிபிஎஸ் வாரத்தை எண்ணுவது 1980 ஜனவரி 6-லிருந்து. அதற்கு ஒதுக்கியிருப்பது 10 பிட். 1024 வாரம் ஆனால் மீட்டர் ரீசெட், சுமார் 19.6 வருஷத்துக்கு ஒருமுறை. 1999-இல் ஒரு தடவை நடந்திருக்கு. 2019-இல் நடக்கப் போகுதுன்னு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முன்கூட்டியே எச்சரிக்கை விட்டிருந்தது.

ரேடியோ நெட்வொர்க்குக்கு ஜிபிஎஸ் எதுக்குன்னு கேட்கலாம். நிக்வின் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசும், கேட்கும். எல்லாக் கோபுரங்களும் ஒரே நொடியில், மைக்ரோ விநாடிக் கணக்கில், பேசி நிறுத்தணும். இல்லாட்டி ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் காதை அடைக்கும். அந்தத் தாளத்தை எல்லாருக்கும் போட்டுக் கொடுப்பது ஜிபிஎஸ் கடிகாரம். கடிகாரம் திடீர்னு இருபது வருஷம் பின்னாடி போச்சு. நெட்வொர்க் விழுந்தது. பத்து நாள் போல ஆனது எழுந்திருக்க. முதல் சில நாள் நகர நிர்வாகம் இதைப் பற்றி வாயே திறக்கலை. செய்தித்தாள்கள் எழுதிய பிறகுதான் பேச்சு வந்தது.

நான் இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் முதல் வேலையில், ஒரு ஞாயிறு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்-கால் ஃபோன் அடிச்சது. ஒரு டேபிளில் வரிசை எண் முப்பத்திரண்டு பிட் எல்லையைத் தொட்டு, புது ஆர்டர் எதுவும் பதிவாகலை. எழுதினவர் மூணு வருஷம் முன்னாடியே வேலையை விட்டுப் போயிட்டார். எல்லை நெருங்குதுன்னு ஒரு அலர்ட் மெயில் தினமும் வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு. யாருமே இல்லாத ஒரு மெயில் குரூப்புக்கு. அந்த குரூப்பில் என்னைச் சேர்த்திருக்கணும், சேர்க்கலை. சேர்த்திருந்தால் நான் படிச்சிருப்பேனான்னு கேட்டால், சத்தியமாத் தெரியலை.

ஃபிலடெல்ஃபியா விவாதத்தில் ரெண்டு தரப்பும் ஆயிரக்கணக்கான பக்கம் பேசியிருக்காங்க. அரசா, தனியாரா, இலவசமா, இருபது டாலரா. பத்தாவது வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அந்தக் கம்பத்துப் பெட்டிக்கு அப்டேட் போட வேண்டிய ஆள் யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும் என்ற கேள்விக்குச் செலவான நேரம் ரொம்பக் கம்மி. வெரிசான் சொன்ன "தொழில்நுட்பம் பழசாகிடும்" அந்தக் கேள்வியின் ஓரத்தை உரசிச்சு. ஆனால் அவங்க அதைக் கேட்டது பதில் வேணும்னு இல்லை, கடையை மூடணும்னு.

அந்தப் பத்து நாளும் நியூயார்க்கில் டிராஃபிக் சிக்னல்கள் அணையவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் இருக்கிற பெட்டி தனக்குள் பதிந்திருந்த நேரக் கணக்குப்படி சிவப்பு, பச்சைன்னு மாத்திக்கிட்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அதை மாற்றத்தான் முடியலை. தெருவைக் கடந்த யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரிஞ்சிருக்காது.

ஜிபிஎஸ் வார எண் அடுத்து பூஜ்யமாகறது 2038 நவம்பரில். காலண்டரில் போட்டு வெச்சிருக்கேன். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.